வேனை விற்றுச் சின்னக் காருக்கு மாறும் வியாபாரிக்கு...

நமது வியாபாரிகள் மத்தியில் வாகனம் என்பது போய்வருவதற்கான சாதனம் மட்டுமல்ல. கடை முன்னால் என்ன வாகனம் நிற்கிறது என்பதைப் பார்த்தே அந்தக் கடைக்காரரின் வசதியை ஊர் எடை போடுகிறது. வேன் வாங்கினால் "ஆள் எழும்பிவிட்டார்" என்பார்கள். ஜீப் வாங்கினால் "பெரிய கை" என்பார்கள். அதே ஆள் ஒருநாள் சின்னக் காரில் வந்து இறங்கினால் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான், சின்னக் கார் தமக்குப் போதும் என்று நன்றாகத் தெரிந்தவர்களும் டீசல் வேனை விடாமல் வைத்துக்கொண்டு மாதாமாதம் பணத்தை டேங்கிற்குள் ஊற்றுகிறார்கள். வேறு சிலர் அவசரமாக மாறிவிட்டு, வேன் ஓட்டிய கையாலும் காலாலும் சின்னக் காரை ஓட்டி, ஆறு மாதத்தில் கிளட்சையும் டயரையும் தின்று முடித்து, "இது பொம்மை வண்டி" என்று திட்டுகிறார்கள். இரு சாராருக்கும் பயன்படும் என்று எண்ணியே இதை எழுதுகிறேன். மாவனல்லையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் நான், 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டீசல் வேனை விற்றுவிட்டு 800 சீசீ அல்டோ ஒன்றுக்கு மாறினேன். கொழும்புக்கும் கண்டிக்குமாக அதிலேயே ஓடி வருகிறேன்.

2022 கற்றுத் தந்த பாடம்

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாவுக்குப் போனது. 121 ரூபாவாக இருந்த டீசல் 460 ரூபாவானது. விலை ஒரு பக்கம் இருக்க, காசு கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்காத நிலை வந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து கியூஆர் முறை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது வாராந்த ஒதுக்கீடு காருக்கும் 20 லீற்றர், வேனுக்கும் 20 லீற்றர் என்றே இருந்தது.

வியாபாரி இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். மாவனல்லையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய்வர ஏறத்தாழ 180 கிலோமீற்றர். எனது வேன் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடியது. அப்படியானால் ஒரு வார ஒதுக்கீடு ஒரே ஒரு கொழும்புப் பயணத்தோடு சரி. அடுத்த வாரம் வரைக்கும் வேன் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான். அதே 20 லீற்றரில், நெடும் பாதையில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் சின்னக் கார் 360 கிலோமீற்றர் போகும். கொழும்புக்கு இரண்டு தடவை போய்வரலாம்.

கியூஆர் முறை 2023 செப்டெம்பர் முதலாம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. ஆனால் அது காட்டித் தந்த கணக்கு மாறவில்லை. எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும், ஒரே பாதையில் ஒரே வேலைக்கு இரட்டிப்பு எண்ணெய் எரிப்பவர் இரட்டிப்புச் செலவுதான் செய்கிறார்.

மிச்சம் எங்கே இருக்கிறது?

ஒருவர் மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று வைப்போம். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் வாகனத்துக்கு 167 லீற்றர் தேவை. 18 கிலோமீற்றர் ஓடுவதற்கு 83 லீற்றர் போதும். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா என்று பிடித்தால், மாதம் ஏறக்குறைய 25,000 ரூபா மிச்சம். டயர், எஞ்சின் ஒயில், பற்றரி எல்லாம் சின்ன அளவு என்பதால் அவற்றிலும் செலவு குறையும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதம் 25,000 மிச்சம் பிடிப்பதற்காக, கையிலுள்ள கடனில்லாத வாகனத்தை விற்றுத் தின்றுவிட்டு, மாதம் 60,000 ரூபா தவணையில் லீசிங்கிலோ இஜாராவிலோ சின்னக் கார் எடுப்பது சிக்கனம் ஆகாது. வேன் விற்ற காசுக்குள் கார் முடிய வேண்டும். முடிந்தால் கொஞ்சம் மிஞ்சிக் கடைக்குள் சரக்காக வர வேண்டும். அப்போதுதான் மாற்றத்தில் பொருள் உண்டு.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையிலிருந்த அந்த ஐந்து வருடத்தில் பழைய சின்னக் கார்களுக்கும் நினைக்க முடியாத விலை வந்தது. அதே காலத்தில் வேன்களின் விலையும் ஏறியிருந்தபடியால் விற்று மாறியவர்களுக்குப் பாதிப்புக் குறைவு. கைக்காசு போட்டு வாங்கியவர்களுக்குத்தான் சுமை. எந்தக் காலத்திலும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். காரின் விலையை மட்டும் பார்க்காமல், நமது வாகனத்தின் விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

சாமான் வேறு, ஆள் வேறு

வேன் வைத்திருக்கும் வியாபாரி ஆளையும் சாமானையும் ஒரே வாகனத்தில் ஏற்றிப் பழகியவர். கொழும்புக்குப் போனால் பழைய சோனகத் தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி, பெயின்ட் வாளி, ஆணிப் பெட்டி, குழாய்ச் சாமான் என்று பின்னால் அடுக்கிக்கொண்டு வருவார். சின்னக் காருக்கு மாறிய பிறகும் அதே பழக்கத்தில் பின் சீற்றை மடக்கிவிட்டுச் சாமான் அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். கார் கெடுவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 800 சீசீ அல்டோ ஒன்றின் வெற்று எடை சுமார் 700 கிலோ. எழுபது கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் 280 கிலோ. அதாவது காரின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு கூடிவிடுகிறது. 1,700 கிலோ எடையுள்ள வேனில் அதே நான்கு பேர் ஏறினால் நூற்றுக்குப் பதினாறு பங்குதான் கூடும். வேனுக்கு உறைக்காத சுமை காருக்கு உறைக்கும். ஏற்றம், பிரேக், வளைவு எல்லாவற்றிலும் அதை உணரலாம்.

இன்னொன்றும் உண்டு. வேன்களில் பெரும்பாலும் பின் சில்லு இழுக்கும். சின்னக் கார்களில் முன் சில்லு இழுக்கும். டிக்கியில் பாரத்தை நிரப்பினால் பின்புறம் பதிந்து முன்புறம் எழும்பும். இழுக்க வேண்டிய சில்லும் திருப்ப வேண்டிய சில்லும் அதே முன் சில்லுதான் என்பதால், ஈரமான ஏற்றத்தில் அது வழுக்கிச் சுற்றும். ஸ்டியரிங்கும் காற்றில் பிடித்தது போல் லேசாகிவிடும். இரவில் முன் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அவசரத்துக்கு ஒரு பெட்டி கொண்டுவர வேண்டியிருந்தால், அதை முன் சீற்றுக்குப் பின்னால் தரையில், உருளாதவாறு வையுங்கள்.

எனது கடையில் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். முன்பு வாரத்தில் இரண்டு நாள் வேனில் கொழும்புக்குப் போவேன். காருக்கு மாறிய பிறகு ஒருநாள் மட்டும் போகிறேன். கடைகளைப் பார்த்து, விலை பேசி, கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புகிறேன். சாமான் லொறி சேர்விஸில் வருகிறது. இடையில் தேவைப்படுவதைத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். வாரம் 40 லீற்றர் டீசல் எரித்த இடத்தில் கொழும்புப் பயணத்துக்கு 10 லீற்றர் பெற்றோல் போகிறது. லொறிக் கூலி கொடுத்த பிறகும் மிச்சம் நிற்கிறது. சாமான் துண்டு துண்டாக வராமல் பட்டியலோடு வருவதால், எது ஓடுகிறது எது தேங்குகிறது என்பதும் புத்தகத்தில் தெளிவாகத் தெரிகிறது.

கடுகண்ணாவை ஏற்றத்தில்

சின்னக் காரின் குணம் தெரிய வேண்டுமானால் மாவனல்லையிலிருந்து கண்டிப் பக்கம் ஏற வேண்டும். மூன்று சிலிண்டர் கொண்ட 796 சீசீ எஞ்சின் அது. அதன் இழுவை வலு முழுமையாக வருவது நிமிடத்துக்கு 3,500 சுற்று அளவில்தான். டீசல் வேனின் எஞ்சினோ குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அதனால் வேன் ஓட்டிப் பழகியவர் மூன்றாம் கியரில் போட்டு எக்ஸலேட்டரை மிதித்தபடி ஏறப் பார்க்கிறார். கார் முக்கி முனகி வேகத்தை இழக்கிறது. பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அதன் பிறகுதான் அவசரமாக இரண்டாம் கியரைத் தேடுகிறார்.

செய்ய வேண்டியது நேர்மாறானது. ஏற்றமோ வளைவோ வருமுன்பே கியரைக் குறைத்து, சுற்றைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள். எஞ்சின் சத்தம் போடும். அது வேலை செய்யும் சத்தம், பயப்பட வேண்டாம். உயர்ந்த கியரில் எஞ்சினை முக்க வைப்பதுதான் அதற்குக் கெடுதி. குளிரூட்டி போட்டிருந்தால் ஏற்றம் முடியும்வரை நிறுத்திவிடுங்கள். பெரிய எஞ்சினுக்கு அது எடுக்கும் வலு தெரியாது. 48 குதிரை வலு எஞ்சினுக்குத் தெரியும். குகைப் பாதைப் பக்கம் வாகன நெரிசலில் நிற்க நேர்ந்தால் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நின்று, அதை விடுவித்தபடி கிளம்புங்கள். கிளட்ச் பிளேட் நீண்ட காலம் நிற்கும்.

இறக்கத்தில் நம்மவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண்ணெய் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் விட்டுக்கொண்டு இறங்குவார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்தபடி எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் பெற்றோல் போவதே தடைப்படுகிறது. சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் தானாக ஓட வேண்டியிருப்பதால் பெற்றோல் எரியும். ஆக மிச்சமும் இல்லை, எஞ்சின் பிடித்து வைக்கும் உதவியும் இல்லை. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடாகிப் பிடி விட்டுப் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

ஜப்பானிலிருந்து வரும் 660 சீசீ ஒட்டோ கார்களை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஜப்பானியச் சட்டம் அந்த வகைக் கார்களுக்கு எஞ்சினை 660 சீசீக்குள்ளும் நீளத்தை 3.4 மீற்றருக்குள்ளும் கட்டுப்படுத்துகிறது. நகரத்துக்கு நன்றாக ஓடும் கார்கள் அவை. நீண்ட இறக்கத்தில் டீயிலேயே விட்டுவிடாமல், கியர் லீவரில் உள்ள தாழ்ந்த நிலைக்கு மாற்றி இறங்க வேண்டும்.

பாதையில் நடந்துகொள்ளும் விதம்

இந்தக் காரின் டயர் 145 மில்லிமீற்றர் அகலம், சில்லு 12 அங்குலம். சின்னச் சில்லு குழியில் ஆழமாக விழும். வேனில் உணராத குழி காரில் முதுகெலும்பு வரை தெரியும். குழியைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். குழிக்குள் இறங்கும் தருணத்தில் பிரேக்கை மிதிக்காதீர்கள். மிதித்தால் முன்புறம் அமுங்கி அடி பலமாக விழும்.

மழையில் ஒடுங்கிய டயருக்குப் பிடிமானம் குறைவு. ஏபீஎஸ் இல்லாத மாதிரிகளில் சட்டென்று பிரேக்கை மிதித்தால் சில்லு பூட்டிக்கொண்டு கார் நேராக வழுக்கும், ஸ்டியரிங் கேட்காது. முன்னால் போகும் வாகனத்துக்கும் நமக்கும் இடைவெளி விடுவதுதான் இதற்கு மருந்து. காற்று அமுக்கத்தை வாரம் ஒருமுறை, டயர் சூடாகுமுன் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் பெற்றோலைத் தின்னும், வளைவில் கார் இழுபடும்.

அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகம் வரை அனுமதி உண்டு. கார் அந்த வேகத்துக்குப் போகும். ஆனால் 80இல் இருந்து 100க்குப் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடுகிறது. எஞ்சின் இரைகிறது, பெற்றோல் முள் இறங்குகிறது. பெரிய பஸ்ஸோ கொள்கலன் லொறியோ கடந்து போகையில் அதன் காற்று லேசான காரைத் தள்ளும். இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது பாதையில் 80ஐ ஒட்டிப் போனால் காருக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. முந்திச் செல்வதென்றால் வேனை விட இரட்டிப்பு இடைவெளி பார்த்துப் போங்கள். பாதி முந்திய பிறகு "இன்னும் கொஞ்சம் தா" என்று கேட்டால் இந்த எஞ்சினிடம் கொடுக்க எதுவும் இருக்காது.

இனி நல்ல பக்கம். புறக்கோட்டைக்குள் இந்தக் காரை விடச் சுகமான வாகனம் இல்லை. அகலம் ஒன்றரை மீற்றர். நாட்டாமிகளின் கைவண்டிக்கும் நிறுத்தியிருக்கும் லொறிக்கும் இடையில் நுழையும். சிறிய வட்டத்தில் திரும்பிவிடும். வேன் நிறுத்த இடம் தேடிச் சுற்றிய நேரத்தில் இரண்டு கடையில் பேசி முடித்துவிடலாம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் பக்கத்து ஒழுங்கையில் பிறர் வாசலை மறிக்காமல் நிறுத்தவும் முடிகிறது.

பாதுகாப்பையும் பேச வேண்டும்

எண்ணெய்க் கணக்கு மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களின் ஆரம்ப மாதிரிகளை மோதிப் பரிசோதித்தது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்துக்கும் வளர்ந்தவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. மாருதி அல்டோ 800உம் அவற்றில் ஒன்று.

ஆகவே வாங்கும்போது காற்றுப்பை, ஏபீஎஸ் உள்ள மாதிரி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள். பழைய காராக இருந்தால், மோதித் திருத்திய காரா என்பதை நல்ல மெக்கானிக் ஒருவரை வைத்துப் பாருங்கள். முன் சீற்றில் மட்டுமல்ல, பின் சீற்றிலும் பெல்ட் போடச் சொல்லுங்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு முன் சீற்றில் உட்காருவதை அடியோடு நிறுத்துங்கள். இரவு பத்து மணிக்குக் கடையை மூடிவிட்டு அசதியோடு நெடுந்தூரம் கிளம்ப வேண்டாம். வேனுக்கும் இது பொருந்தும். ஆனால் சின்னக் கார் பிழைகளைக் குறைவாகவே மன்னிக்கும்.

ஊர் வாய்

நான் வேனை விற்ற மறு வாரமே பக்கத்துக் கடைத் தம்பி கேட்டார்: "என்ன நானா, வேன வித்திட்டீங்களாமே. யாவாரம் எல்லாம் சரிதானே?"

அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் இதே கேள்வி கொழும்புக்குப் போனால் வேறு வடிவம் எடுக்கும். நமது வியாபாரம் பெரும்பாலும் நம்பிக்கையில் ஓடுகிறது. முன்திகதியிட்ட காசோலையைக் கொடுத்துச் சாமான் எடுக்கிறோம். "ஆள் தளர்ந்துவிட்டார்" என்ற ஒரு சொல் பரவினால், அறுபது நாள் தவணை முப்பதாகும், முப்பது கைக்காசாகும். அக்குறணையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. ஜீப்பை விற்றுச் சின்னக் கார் எடுத்தார். ஒரு மாதத்துக்குள் இரண்டு மொத்த வியாபாரிகள் புதிய சாமானுக்குக் காசோலை வேண்டாம், காசாகத் தாருங்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. ஜீப் விற்ற காசில் கார் எடுத்தது போக மிஞ்சியதை வைத்து, அந்த இருவருக்கும் கொடுக்க வேண்டிய அடுத்த காசோலைகளைத் திகதிக்கு மூன்று நாள் முன்பாகவே காசாகக் கொடுத்து மீட்டுக்கொண்டார். அடுத்த மாதமும் அப்படியே செய்தார். மூன்றாம் மாதம் பழைய தவணை தானாகத் திரும்பி வந்தது. அதில் ஒரு வியாபாரி அவரிடம், அந்தக் கார் லீற்றருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று விசாரித்தாராம்.

நானும் மாறுவதற்கு முன்பே எனக்குச் சாமான் தரும் முக்கியமான நாலைந்து பேரிடம் நேரில் சொல்லிவிட்டேன். இன்ன காரணத்துக்காக வேனை விற்கிறேன், சாமான் இனி லொறியில் வரும் என்று. செய்தி நமது வாயிலிருந்து முதலில் போனால் வதந்திக்கு இடமில்லை.

யாருக்குப் பொருந்தாது?

எல்லோரும் மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினமும் சாமான் கொண்டுபோய்க் கடை கடையாகப் போடுபவருக்கு வேனோ சிறிய லொறியோதான் வேண்டும். வீட்டில் ஏழு பேர் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இந்தக் கார் போதாது. மலைநாட்டில், தார் இல்லாத செங்குத்துப் பாதையில் வீடு உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். லொறி சேர்விஸ் ஒழுங்காக வராத ஊரில் கடை வைத்திருப்பவர் வேனை விற்றால் சரக்குக்குத் தவிப்பார்.

மற்றவர்கள் ஒரு மாதத்துக்கு ஒரு சின்னக் கொப்பியை வாகனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர், எத்தனை பேர், எவ்வளவு சாமான் என்று நான்கு நிரலில் எழுதுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால், பெரும்பாலான பயணங்களில் அந்தப் பெரிய வேனுக்குள் நீங்கள் ஒருவர் மட்டுமே இருந்திருப்பீர்கள். அப்படியானால் அதை விற்பதற்கான நியாயம் அந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. அவ்வாறு இல்லையென்றால் வேனையே வைத்துக்கொள்ளுங்கள்.